கப்பலுக்குப் பாய் நெய்தவர்கள்

டென்மார்க்கில் ரோஸ்கில்ட என்ற ஊரையொட்டிய கடற்கழியிலிருந்து 1962ஆம் ஆண்டு ஐந்து பழைய கப்பல்களை வெளியே எடுத்தார்கள். எதிரிக் கப்பல்கள் ஊருக்குள் நுழையாதபடி வழியை அடைப்பதற்காக, ஏறத்தாழ 1070ஆம் ஆண்டு வாக்கில் கல்லை நிரப்பி மூழ்கடித்த கப்பல்கள் அவை. அவற்றில் ஒன்று பதினாறு மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல். நார்வேயின் மேற்குக் கரையில் 1030 வாக்கில் கட்டப்பட்டது. மரம் கிடைத்தது, ஆணிகள் கிடைத்தன, பாய் மட்டும் கிடைக்கவில்லை. துணி மக்கிப் போய்விடுகிறது. பாய்மரம் நின்ற இடத்தையும் கயிறு கட்டிய இடங்களையும் பார்த்து, அந்தப் பாய் 90 சதுர மீட்டர் அளவில் இருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள்.

நான் சென்னிமலையில் தறிக்குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி நார்வேக்கு வந்தேன், ஆஸ்லோவில் குடியிருக்கிறேன். ஒரு துணியின் நீள அகலத்தைச் சொன்னால் அதற்கு எவ்வளவு நூல் போயிருக்கும் என்று என் மனம் உடனே கணக்குப் போடத் தொடங்கிவிடும். இந்தப் பாய்க்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டருக்குப் பாவில் பத்து இழை, ஊடையில் ஐந்து இழை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நூல் போகும். முழுப் பாய்க்கு 135 கிலோமீட்டர். அத்தனையும் கையில் தொங்கும் தக்களியில் நூற்ற நூல். நூற்கும் ராட்டை அன்றைக்கு ஐரோப்பாவுக்கே வந்திருக்கவில்லை. கை பழகிய ஒருத்தி தக்களியில் மணிக்கு நாற்பது, ஐம்பது மீட்டர் நூற்பாள் என்று டென்மார்க்கில் செய்து பார்த்த சோதனைகள் காட்டுகின்றன. அப்படியென்றால் இந்தப் பாய்க்கு மூவாயிரம் மணி நேரம். நாளுக்குப் பத்து மணி நேரம் நூற்றால் முந்நூறு நாள். நெசவு இன்னும் தொடங்கவே இல்லை.

வைக்கிங்குகளைப் பற்றி வரும் படங்களிலும் தொடர்களிலும் கப்பல் வருகிறது, கோடரி வருகிறது, தாடி வைத்த வீரன் வருகிறான். இந்த முந்நூறு நாள் வருவதில்லை. அந்தச் சமூகத்தை நூலின் பக்கமிருந்து பார்த்தால்தான் அது எப்படி இயங்கியது என்பது விளங்கும் என்று நான் நம்புகிறேன். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் என்ற தீவு மடத்தைச் சூறையாடியதில் தொடங்கி, 1066இல் நார்வே அரசன் ஹரால்ட் ஹார்ட்ராட இங்கிலாந்தில் போரிட்டு மடிந்ததோடு முடிவதாக வரலாற்று நூல்கள் வைக்கிங் காலத்தை வரையறுக்கின்றன. நார்வே, சுவீடன், டென்மார்க், பிறகு ஐஸ்லாந்து: இதுதான் அவர்களுடைய நிலம். இந்த நிலத்தில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கொள்ளைக்குப் போகாத குடியானவர்கள். பார்லி விதைத்தார்கள், மாடும் ஆடும் வளர்த்தார்கள், மீன் பிடித்துக் காயவைத்தார்கள். படங்களில் வரும் கொம்பு வைத்த தலைக்கவசம் 1876இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை தைத்தபோது புகழ்பெற்றது. வைக்கிங் கல்லறை எதிலும் அது கிடைத்ததில்லை.

பாய்க்குத் திரும்புகிறேன். வடநாட்டில் அவர்கள் வளர்த்த ஆடு சிறியது, வால் குட்டையானது. அதன் உடம்பில் மயிர் இரண்டு அடுக்கு. வெளியே நீளமான, வழவழப்பான, எண்ணெய்ப் பசையுள்ள மயிர். உள்ளே குட்டையான, மெத்தென்ற கம்பளி. கோடை தொடங்கும்போது இது தானாகவே கழன்றுவரும். அந்தப் பதம் பார்த்துக் கையாலேயே பிய்த்து எடுத்துவிடுவார்கள். பிறகு இரும்புப் பல் வைத்த சீப்பால் வாரி, வெளி மயிரையும் உள் கம்பளியையும் பிரிப்பார்கள். நீண்ட மயிரை இறுக முறுக்கி நூற்றால் பாவு நூல். குட்டைக் கம்பளியைத் தளர்வாக நூற்றால் ஊடை நூல். இரண்டும் ஒரே ஆட்டிலிருந்து வருபவை, வேலையோ முற்றிலும் வேறு. பாவு காற்றின் இழுப்பைத் தாங்க வேண்டும். ஊடை பொங்கி, இழைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கை அடைக்க வேண்டும். ஆட்டின் மேல் இருக்கும்போதே இந்தக் கம்பளி எதற்கு உதவும் என்று கையால் தொட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தப் பெண்கள். இப்படி ஒரு பெரிய பாய்க்கு இருநூறு ஆடுகளின் கம்பளி வரை தேவைப்பட்டிருக்கும் என்கிறார்கள்.

அவர்களுடைய தறி நின்ற தறி. இரண்டு கால்களைச் சுவரில் சாய்த்து வைத்து, மேலே ஒரு படைமரத்தை ஏற்றியிருப்பார்கள். பாவு அதிலிருந்து தரையை நோக்கித் தொங்கும். நூல்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து அடியில் கனமான குண்டுகளைக் கட்டிவிடுவார்கள். டென்மார்க்கில் சுட்ட களிமண் குண்டு, நார்வேயில் பெரும்பாலும் மாக்கல். நெய்பவள் உட்காருவதில்லை. தறியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே ஊடையை விட்டு, வாள் போன்ற ஒரு பட்டையால் அதை மேல்நோக்கி அடிக்க வேண்டும். அந்தப் பட்டை இரும்பில் இருக்கும், சில இடங்களில் திமிங்கில எலும்பில். கீழே விழப் பார்க்கும் நூலை நாள் முழுக்க மேலே அடித்தேற்றுவது தோள்பட்டைக்கு எப்படிப்பட்ட வேலை என்று தறி தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நெய்த துணியைத் தண்ணீரில் போட்டு மிதித்து இறுகவைத்து, பட்டை பட்டையாகச் சேர்த்துத் தைத்து, மிருகக் கொழுப்பும் காவிமண்ணும் பைன் மரத் தாரும் கலந்து பூசுவார்கள். அப்போதுதான் காற்று ஊடுருவாது. வட நார்வேயில் ட்ரோண்டனெஸ் என்ற ஊரின் இடைக்காலத் தேவாலயத்தில், கூரை இடுக்கில் திணித்து வைத்திருந்த பழைய கம்பளிப் பாயின் துண்டுகள் கிடைத்தன. வைக்கிங் காலத்துக்குப் பிந்தியவை என்றாலும், இந்த நெசவு எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க உதவியவை அந்தத் துண்டுகள்தாம்.

பாய் ஏன் இவ்வளவு முக்கியம்? அதற்கு முன்பு வடநாட்டார் துடுப்பு வலித்துத்தான் கடலில் போனார்கள். அவர்களுடைய கப்பல்களில் பாய் பெரிய அளவில் வந்தது ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில். அதன் பிறகுதான் வடகடலைக் குறுக்கே கடந்து மடங்களைத் தாக்க முடிந்தது. ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் குடிபெயர முடிந்தது. வைக்கிங் காலத்தைத் தொடங்கிவைத்தது எது என்று என்னைக் கேட்டால் பாய் என்றுதான் சொல்வேன். கப்பல் பெருகப் பெருகப் பாய் வேண்டும், பாய்க்குக் கம்பளி வேண்டும், கம்பளிக்கு மேய்ச்சல் நிலமும் நூற்கும் கைகளும் வேண்டும். அந்தக் கைகளைத் தேடியே கொள்ளைப் பயணங்களில் இத்தனை பெண்கள் பிடிக்கப்பட்டார்கள் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இந்த வேலையெல்லாம் நடந்தது பண்ணையில். லோஃபோட்டன் தீவுகளில் போர்க் என்ற இடத்தில் 1981இல் ஒரு விவசாயி உழுதபோது கிளம்பிய பழம்பொருள்களைத் தொடர்ந்து தோண்டினார்கள். 83 மீட்டர் நீளமுள்ள ஒரு தலைவனின் வீடு வெளிப்பட்டது. இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பெரியது அதுதான். பக்கத்திலேயே அதேபோல ஒரு வீட்டைக் கட்டி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் கண் பழகச் சற்று நேரமாகும். ஜன்னல் கிடையாது. நடுவில் நீளமான அடுப்புக்குழி, இரு சுவர்களையும் ஒட்டி உட்காரவும் படுக்கவும் மேடை. புகை கூரையில் உள்ள துளை வழியாகத்தான் போக வேண்டும். ஒரு கோடியில் மாடுகள், அவற்றின் உடற்சூடு வீட்டுக்கும் ஆகும். சாதாரணக் குடியானவனின் வீடு இதில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனால் அமைப்பு இதேதான். டென்மார்க், சுவீடன் பக்கங்களில் தறிக்கென்று பாதி தரைக்குள் இறக்கிய சிறு குடில்கள் தனியாக இருந்தன. தோண்டும்போது தறிக்குண்டுகள் வரிசையாக விழுந்து கிடக்கக் கண்டிருக்கிறார்கள்.

உணவு நாளுக்கு இரண்டு வேளை. பார்லிக் கஞ்சி, தட்டை ரொட்டி, வெண்ணெய், தயிர் போன்ற ஸ்கீர், காயவைத்த மீன், பன்றி இறைச்சி, முட்டைக்கோஸ், வெங்காய இனங்கள், ஆப்பிள். ஐஸ்லாந்தில் உப்புக் காய்ச்ச விறகு அரிது என்பதால் புளித்த மோர்த்தண்ணீரில் இறைச்சியை ஊறப்போட்டுக் குளிர்காலத்துக்கு வைத்தார்கள். மாவு அரைப்பது கைத்திருகையில். அதிலிருந்து உதிரும் கல்தூள் ரொட்டியில் கலந்து பற்களைத் தேய்த்ததை எலும்புக்கூடுகளில் பார்க்கிறோம். இங்கிலாந்தின் யார்க் நகரம் அன்று வைக்கிங்குகளின் கையில் இருந்தது. அங்கே 1972இல் ஒரு வங்கிக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது வைக்கிங் காலத்து மனித மலம் ஒன்று கெட்டியாகி அப்படியே கிடைத்தது. ஆராய்ந்ததில் தவிடும் இறைச்சியும் தின்றவன் என்றும், வயிற்றில் புழு நிறைந்திருந்தது என்றும் தெரிந்தது. அந்த மனிதன் பட்ட வயிற்றுவலி ஆயிரம் ஆண்டு கழித்தும் நமக்குத் தெரிகிறது. அதே ஊரில் ஒற்றை ஊசியால் பின்னிய பத்தாம் நூற்றாண்டுக் கம்பளிக் காலுறை ஒன்றும் கிடைத்திருக்கிறது. கணுக்கால் வரைக்குமான சின்ன உறை, பார்த்தால் யாரோ நேற்றுக் கழற்றிப் போட்டதுபோல இருக்கிறது.

அழுக்கு மனிதர்கள் என்ற பேச்சு ஒன்று உண்டு. 922இல் பாக்தாதிலிருந்து தூதுக்குழுவோடு வோல்கா ஆற்றங்கரைக்குப் போன இப்னு ஃபத்லான், அங்கே கண்ட வடநாட்டு வணிகர்கள் ஒரே பாத்திரத்துத் தண்ணீரில் ஒருவர் மாற்றி ஒருவர் முகம் கழுவுவதைப் பார்த்து அருவருத்து எழுதினார். ஆனால் இங்கிலாந்தில் ஒரு பிற்கால வரலாற்றாசிரியர் தலைகீழாகக் குறைப்பட்டிருக்கிறார்: டேனியர் தினமும் தலை சீவுகிறார்கள், சனிக்கிழமைதோறும் குளிக்கிறார்கள், அதனால் நம் பெண்கள் மயங்குகிறார்கள் என்று. தொழுகைக்கு முன் ஓடும் நீரில் கழுவிப் பழகியவரின் கண் ஒன்று, குளியலே அரிதான நாட்டாரின் கண் மற்றொன்று. மான்கொம்பில் செய்த சீப்பும், காது குடையும் சிறு கரண்டியும் கல்லறைகளில் சர்வசாதாரணமாகக் கிடைக்கின்றன என்பதால் நான் இரண்டாமவர் பக்கம் சாய்கிறேன்.

வீட்டுச் சாவி பெண்ணிடம் இருந்தது. பெண்களின் கல்லறைகளில் சாவி கிடைக்கிறது. தோளில் குத்திய இரட்டை உலோக ஊக்குகளும், தக்களியும், கத்தரிக்கோலும் கிடைக்கின்றன. சுவீடனில் ஹஸ்மீரா என்ற இடத்தில், இறந்துபோன மனைவி ஒடின்டீசாவுக்காக ஹோல்ம்கௌட் என்ற கணவன் ரூன் என்ற பழைய வரிவடிவத்தில் எழுதிக் கல் நாட்டியிருக்கிறான். இந்தப் பண்ணையை நடத்த இவளைவிடச் சிறந்தவள் இனி வரமாட்டாள் என்பது அதில் அவன் சொல்லவந்த செய்தி. நார்வேயின் டின்னா கல் இன்னும் என்னை உலுக்குகிறது. அது ஆஸ்லோவில் உள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குன்வோர் என்ற தாய், மகள் ஆஸ்ட்ரிட்டின் நினைவாக ஒரு பாலம் அமைத்து இந்தக் கல்லை நாட்டினாள். மகளைப் பற்றி அவள் பதித்துவைத்த புகழ்ச்சி அழகைப் பற்றியதல்ல, குலத்தைப் பற்றியதல்ல. ஹாதெலான்ட் வட்டாரத்திலேயே கைத்திறம் மிகுந்த பெண் அவள் என்பதுதான். பதினோராம் நூற்றாண்டில், கல்லில் வெட்டக் கூலி கொடுத்து, ஒரு தாய் தேர்ந்தெடுத்துச் சொன்ன சொல் அது.

எங்கள் வீட்டில் அம்மா நாள் முழுக்க ஊடை நூலைத் தாரில் சுற்றுவார். பெட்ஷீட்டை நெய்தவர் என்று கூலிச் சீட்டில் அப்பா பெயர் மட்டும் இருக்கும். அதனாலோ என்னவோ அந்தக் கல்லின் முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

இனி ஓசபெர்க். நார்வேயில் டூன்ஸ்பெர்க் ஊருக்குப் பக்கத்தில் ஓசபெர்க் என்ற பண்ணையில் இருந்த புதைமேட்டை 1904இல் தொல்லியலாளர் கப்ரியேல் குஸ்டாஃப்சன் தோண்டினார். நீல நிறக் களிமண்ணுக்குள் காற்றுப் புகாமல் ஒரு முழுக் கப்பல் இருந்தது. 21 மீட்டருக்கு மேல் நீளம், ஓக் மரம், முன்னும் பின்னும் சுருண்டெழுந்த முனைகள், அவற்றில் பின்னிப் பிணைந்த விலங்குச் செதுக்கல். மர வளையங்களை எண்ணி, புதைத்த ஆண்டு 834 என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். இவ்வளவு பெரிய கப்பலில் கிடத்தப்பட்டிருந்தவர் அரசன் அல்லர், இரண்டு பெண்கள். ஒருத்திக்கு எழுபதுக்கு மேல், மூட்டுவாதமும் புற்றுநோயும் இருந்திருக்கின்றன. மற்றவளுக்கு ஐம்பது வயதுபோல. மூத்தவள் அரசியா, தெய்வக் காரியம் செய்தவளா, இளையவள் அவளுக்குத் துணையாகக் கொல்லப்பட்டவளா என்ற வாதம் ஓயவில்லை.

அவர்களோடு வைத்தவை: செதுக்கிய வண்டி, பனியில் இழுக்கும் சறுக்குவண்டிகள், கட்டில்கள், கூடாரம், ஒரு வாளி நிறைய ஆப்பிள், பலியிட்ட குதிரைகள், நாய்கள். இவற்றின் படங்களை எல்லாப் புத்தகங்களிலும் பார்க்கலாம். நான் பார்க்கப் போனது வேறு. அந்தக் கப்பலில் தறிகள் இருந்தன, நூல் சுற்றும் கருவிகள் இருந்தன. 52 சிறு மரப் பலகைகளில் பாவு கோத்தபடி, பாதி நெய்த நிலையில் ஒரு நாடா இருந்தது. நான்கு மூலையிலும் துளையுள்ள பலகைகள் அவை. ஒவ்வொன்றின் துளைகளிலும் நூல் ஓடும். பலகைகளைத் திருப்பத் திருப்ப நூல் முறுகிக் கரைவேலை விழும். ஏறத்தாழ அரை முழ அகலத்தில் வண்டிகளும் குதிரைகளும் ஆட்களும் ஊர்வலமாகப் போகும் சித்திரத் துணியின் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. கூடவே நூற்றுக்கு மேற்பட்ட பட்டுத் துணுக்குகள். பாரசீகப் பக்கமிருந்தும் பைசாந்தியத்திலிருந்தும் கைமாறி வந்த பட்டு. அதை மெல்லிய பட்டைகளாக வெட்டி, ஆடையின் ஓரத்தில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஒரு விரல் அகலப் பட்டுக்கூட வீணாகவில்லை. தொலைவுத் தொடர்புக்கு இன்னொரு சான்று கோக்ஸ்டாட் என்ற இடத்தில் 1880இல் தோண்டிய கப்பல். அதில் ஒரு தலைவனோடு மயிலையும் புதைத்திருந்தார்கள். நம் பக்கத்துப் பறவை எத்தனை கை மாறி அந்தப் பனிநாட்டுக்குப் போயிற்றோ.

துணிதான் அங்கே பணம் என்றும் சொல்லலாம். வெள்ளியை எடைபோட்டு வெட்டிக் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் வெள்ளி அரிதான ஐஸ்லாந்தில் வாத்மால் என்ற முரட்டுக் கம்பளித் துணி சட்டப்படி செலாவணியானது. ஆறு முழத் துணி ஓர் அவுன்சு என்ற கணக்கு. அபராதம், வரி, கப்பல் கூலி எல்லாமே இந்தத் துணியில் கட்டலாம். நாட்டின் பணத்தை அடித்தவர்கள் தறிமுன் நின்ற பெண்கள் என்பதை யாரும் அந்த நாளில் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். சட்டசபையில் அவர்களுக்குப் பேச உரிமையும் இல்லை.

அந்தச் சபையின் பெயர் திங். சுதந்திர ஆண்கள் திறந்தவெளியில் கூடி வழக்குத் தீர்ப்பார்கள். ஐஸ்லாந்து முழுமைக்குமான சபை 930இல் திங்வெல்லிர் பள்ளத்தாக்கில் தொடங்கியது. எழுத்தில் சட்டம் இல்லை, சட்டம் ஓதுபவர் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மனப்பாடத்திலிருந்து சொல்வார். கொலைக்கு ஈட்டுத்தொகை உண்டு. கட்டாதவன், அல்லது பெரும் குற்றம் செய்தவன், சட்டத்துக்கு வெளியே தள்ளப்படுவான்; சிவப்புத் தலை எரிக் மூன்று ஆண்டு அப்படித் தள்ளப்பட்டபோதுதான் மேற்கே போய்க் கிரீன்லாந்தைக் கண்டான். சபையில் குரல் இல்லாவிட்டாலும், சாட்சிகள் முன்னால் சொல்லிக் கணவனை விலக்கும் உரிமை பெண்ணுக்கு இருந்தது. 965 வாக்கில் ஸ்பெயினிலிருந்து அன்றைய டென்மார்க்கின் ஹெடபி துறைமுகத்துக்கு வந்த அத்-தர்தூஷி என்ற பயணி இதைக் கண்டு வியந்து குறித்திருக்கிறார்.

இந்த உரிமைகளெல்லாம் சுதந்திரப் பெண்ணுக்கு. அடிமைக்கு ஒன்றுமில்லை. இதை விட்டுவிட்டு வைக்கிங் பெண்களின் பெருமை பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அயர்லாந்திலும் பிரிட்டன் கரைகளிலும் பிடித்த மனிதர்களை டப்ளின் சந்தையில் விற்றார்கள். சாகா என்பது ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதை; லாக்ஸ்டேலா சாகாவில், ஹொஸ்குல்ட் என்ற தலைவன் ஓர் ஊமைப் பெண்ணை மூன்று மார்க் வெள்ளிக்கு வாங்குகிறான். சாதாரண அடிமையின் விலை ஒரு மார்க். பிற்பாடு ஒருநாள் அவள் தன் சின்ன மகனோடு பேசிக்கொண்டிருப்பதை ஒளிந்து கேட்டுவிடுகிறான். அவள் ஊமையில்லை, மெல்கோர்கா என்ற அயர்லாந்து அரசகுமாரி. ஆண்டுக்கணக்காக அவள் காத்த அந்த மௌனத்தைவிட வலிய எதிர்ப்பை நான் சாகாக்களில் படித்ததில்லை. இது கதை என்று தள்ளவும் முடியாது. இன்றைய ஐஸ்லாந்து மக்களின் மரபணுவில் தாய்வழியில் பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தைச் சேர்ந்தது. தந்தைவழியில் பெரும்பகுதி நார்வேப் பக்கம். எல்லாத் தாய்களும் அடிமைகளாக வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. பலர் அப்படித்தான் வந்தார்கள். இப்னு ஃபத்லான் நேரில் கண்டு எழுதிய ஈமச்சடங்கில், இறந்த தலைவனோடு எரிப்பதற்காக ஓர் அடிமைப் பெண்ணுக்குக் குடிக்கக் கொடுத்து, கயிற்றால் இறுக்கி, குத்திக் கொல்கிறார்கள். அந்தப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை.

நம்பிக்கைகளுக்கு வருவோம். ஓடின் என்ற தெய்வம், வல்ஹல்லா என்ற அவனுடைய மண்டபம், அங்கே போரில் இறந்தவனுக்கு விருந்து: இவை போர்வீரர்களின் சமயம். பண்ணையில் கும்பிட்டது பெரும்பாலும் தோரையும் ஃப்ரேயையும். தோர் இடிக்கும் மழைக்கும் உரியவன், ஃப்ரே விளைச்சலுக்கும் சந்ததிக்கும் உரியவன். கோயில் என்று தனியே இருந்ததைவிட வீட்டிலேயே பலியும் படையலும் நடந்தன. 1019 வாக்கில் நார்வே அரசனின் கவிஞர் சிக்வாத் சுவீடனுக்குத் தூது போனார். அவர் கிறித்தவர். இரவில் தங்க இடம் கேட்டு ஒரு பண்ணைக் கதவைத் தட்டினால், வீட்டுக்காரி வாசலிலேயே மறித்துவிட்டாள். உள்ளே வீட்டுத் தேவதைகளுக்குப் பலி நடக்கிறது, அயலார் வரக்கூடாது. அரசனின் தூதர் இருட்டில் வேறு வீடு தேடிப் போனார். வாசலில் நின்று முடிவு செய்தவள் ஒரு பெண் என்பதைக் கவனியுங்கள்.

தெய்வங்களுக்கும் நூலோடு உறவு இருந்தது. விதியை நிர்ணயிக்கும் நோர்ன்கள் ஒரு பாட்டில் விதியின் இழைகளை முறுக்குகிறார்கள். ஓடினின் மனைவி ஃப்ரிக் நூற்பவள். வானத்தில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைச் சுவீடன் கிராமத்தார் அவளுடைய கம்பளி சுற்றும் கோல் என்றே அழைத்தார்கள். டென்மார்க்கின் ஃபிர்காட் கோட்டைக்கருகில் 980 வாக்கில் புதைத்த ஒரு பெண்ணோடு இரும்புக் கோலும், மயக்கம் தரும் குரோசாணி விதைகளும் இருந்தன. குறி சொல்லி மந்திரம் செய்யும் வோல்வா அவள் என்று கருதுகிறார்கள். இப்படிக் கல்லறைகளில் கிடைக்கும் கோல்கள் பல கம்பளி சுற்றும் கோலின் வடிவிலேயே இருக்கின்றன.

எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்துக்கொண்டது நியால் சாகாவில் உள்ள ஒரு பாட்டு. 1014இல் அயர்லாந்தில் குளொன்டார்ஃப் போர் நடந்த நாளில், ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஒருவன் ஒரு குடிலின் இடுக்கு வழியாக எட்டிப்பார்க்கிறான். உள்ளே பெண்கள் நெய்துகொண்டிருக்கிறார்கள். பாவும் ஊடையும் மனிதக் குடல். அடியில் தொங்கும் குண்டுகள் மனிதத் தலைகள். அடிக்கும் பட்டை வாள். அவர்கள் வால்கிரிகள், யார் சாக வேண்டும் என்பதைத் தறியில் முடிவு செய்கிறார்கள். போர்க்களத்தை விவரிக்க ஒரு கவிஞன் தறியை எடுத்துக்கொள்கிறான் என்றால், தறியின் ஓசை அந்தக் காலத்து ஒவ்வொரு காதிலும் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்! அந்தக் குண்டுகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கேளாமல் எந்தக் குழந்தையும் அங்கே வளர்ந்திருக்காது.

கிறித்தவம் வாளோடு மட்டும் வரவில்லை. டென்மார்க்கின் ட்ரென்ட்கோர்டனில் கிடைத்த மாக்கல் அச்சு ஒன்றில் சிலுவையும் வார்க்கலாம், தோரின் சுத்தியலும் வார்க்கலாம். கேட்டவருக்குக் கேட்டதைச் செய்துகொடுத்த ஒரு தட்டானின் அச்சு. ஐஸ்லாந்தில் 1000ஆம் ஆண்டு வாக்கில் இரு தரப்பும் மோதும் நிலை வந்தபோது, சட்டம் ஓதும் தோர்கேர் ஒரு பகலும் இரவும் போர்வையை மூடிப் படுத்து யோசித்து, எல்லோரும் ஞானஸ்நானம் பெறட்டும், வீட்டுக்குள் பழைய பலியிடுவோர் இட்டுக்கொள்ளட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அவரே பழைய சமயத்தவர்.

இவர்கள் மேற்கே எவ்வளவு தொலைவு போனார்கள் என்பதற்கும் ஒரு தக்களி சாட்சி சொன்னது. கனடாவின் நியூஃபவுண்ட்லாண்டில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தை 1960இல் நார்வேக்காரர் ஹெல்கே இங்ஸ்டாட் கண்டறிந்தார். அவர் மனைவி ஆன் ஸ்டீன அகழாய்வை நடத்தினார். புல்மண் வீடுகளின் தடங்களுக்கிடையே கிடைத்த சிறு பொருள்களில் ஒன்று மாக்கல்லில் செய்த தக்களி வட்டு. வடநாட்டார் வந்து தங்கிய இடம்தான் என்பதற்கும், கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள் என்பதற்கும் அது வலுவான சான்றாயிற்று. அங்கே உலோகக் கருவியால் வெட்டிய மரத்தின் வளையங்களை ஆராய்ந்து, வெட்டிய ஆண்டு 1021 என்று 2021இல் அறிவித்தார்கள்.

நின்ற தறியின் நெசவு இன்று நமக்குத் தெரிந்திருப்பது புத்தகங்களால் மட்டுமல்ல. நார்வே ஆய்வாளர் மார்த்தா ஹோஃப்மன், பெர்கன் நகரைச் சுற்றிய மேற்குக்கரைக் கிராமங்களிலும் வடக்கே சாமி என்ற பழங்குடி மக்களிடமும் இருபதாம் நூற்றாண்டிலும் அந்தத் தறியில் போர்வை நெய்துகொண்டிருந்த பெண்களைத் தேடிப் போனார். பாவு ஓடுவது, விழுது கட்டுவது, குண்டு தொங்கவிடுவது என்று ஒவ்வொன்றையும் அவர்களிடம் பார்த்துக் கேட்டு எழுதினார். 1964இல் அது நூலாக வந்தது. பல்லாண்டுகளாக அகழாய்வுகளில் வட்டக் கற்களாகக் குவிந்துகொண்டிருந்தவை எந்த வரிசையில் தொங்கின, எத்தனை நூலைத் தாங்கின என்பதை அந்தப் பெண்களின் கையிலிருந்துதான் அறிஞர்கள் கற்றார்கள். பின்னாளில் ரோஸ்கில்டவிலும் நார்வேயிலும் கம்பளிப் பாயைத் திரும்ப நெய்து, கப்பலில் ஏற்றிக் கடலில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கும் அந்த நூல்தான் தொடக்கம்.